பண்ணை வீதியில் கொதித்து நின்ற கார்

அன்பான சகோதரங்களே, சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் நோய் மாறிய கதையைத்தான் சொல்வது வழக்கம். என்னிடம் அந்தக் கதை இல்லை. என் கணவர் குணமாகவில்லை. ஆனாலும் மாதா என் மன்றாட்டைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், கரம்பொன் ஊர். என் கணவர் யேசுதாசன் முதலில் கடலுக்குப் போனவர். பிறகு ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓடினார். கலியாணம், ஞானஸ்நானம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான். நான் கோபத்தில் இருக்கும்போது அதை அவருடைய மூத்த பெண்சாதி என்று சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு அதைத்தான் துடைப்பார்.

அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிப் போயின. இரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு தடவை யாழ்ப்பாணம் போகவேண்டும். பஸ்ஸில் அவரால் இருக்க ஏலாது. ஓட்டோவின் குலுக்கலில் சத்தி எடுப்பார். ஆகவே காரை நான் ஓட்டினேன். வீங்கின கால்களை நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து கியர் மாற்றுவதற்கெல்லாம் குறை சொல்லுவார். அந்த வருத்தத்தில் பெரிய கொடுமை தண்ணீர்தான். ஒரு சின்னப் போத்தலுக்கு மேல் ஒரு நாளில் குடிக்கக் கூடாது. பங்குனி வெயிலில் அவர் நாக்கை நனைத்துவிட்டுப் போத்தலை மூடி வைப்பார்.

அந்தத் தவக்காலத்தில் கார் கொதிக்கத் தொடங்கியது. வேலணை வரைக்கும் ஒழுங்காக ஓடும். அல்லைப்பிட்டி தாண்ட, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும். கராஜில் கசிந்த குழாயை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் கொதித்தது. ரேடியேற்றர் மூடியை மாற்றினோம். காற்றாடிப் பட்டியை இறுக்கினோம். எஞ்சின் தலையைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும், அப்படிப் பார்த்தாலும் இந்தக் காருக்கு இனிச் சாமான் கிடையாது என்று கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னேன். ஒன்றும் மாறவில்லை. மாதாவுக்கு எங்கள் வீட்டு விலாசம் மறந்துபோய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த கிழமை கார் வழியில் நின்றதால் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்கிற முறை ஒன்று தவறிப்போனது. அடுத்த முறைக்குள் உடம்பெல்லாம் நீர் ஏறி, படுத்தால் மூச்சு முட்டியது. இன்னும் ஒன்று தவறினால் ஆள் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். விடிந்ததும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற பண்ணை வீதியின் நடுவில் கார் புகைந்துகொண்டு நின்றது. இரண்டு பக்கமும் கடல். நிழலுக்கு ஒரு மரம் இல்லை.

"இஞ்சேரும், மூடியில கை வையாதையும். முகத்தில அடிக்கும்," என்றார் மூச்சு வாங்க.

"நீங்கள் கதையாதேங்கோ. மூச்சைப் பாருங்கோ."

அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமெடுக்கும் என்றார்கள். மோட்டார் சைக்கிள்கள் போயின. நெரிசலாக ஒரு பஸ் வந்து நின்றது, அவரைப் பார்த்துவிட்டு நடத்துநரே ஏற்ற ஏலாது என்று தலையை ஆட்டினார். எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் நான் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் விட்டேன். ஸ்டார்ட் பண்ணிச் சற்று நேரத்தில் அதுவும் கொதித்து வெளியே வந்துவிட்டது. அவர் தன்னுடைய போத்தலை எடுத்து நீட்டினார்.

"இதையும் விடும். எனக்குத்தான் குடிக்கத் தரமாட்டீரே."

நான் அழுதுவிட்டேன். வீதியில் முழந்தாளிட்டேன். அவரைச் சுகப்படுத்து என்று கேட்க எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. "தாயே, இவரை றோட்டில சாக விடாதை. வீட்டில, கட்டிலில சாகட்டும்," என்று மட்டும் கேட்டேன். அவ்வளவு சின்ன மன்றாட்டை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்போது யாழ்ப்பாணப் பக்கமிருந்து தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற பவுசர் லொறி வந்து நின்றது. அந்த உயரத்துக்கு அவரை ஏற்ற வழியில்லை. ஆனால் சாரதி இறங்கி வந்து ரேடியேற்றரைத் துணியால் தொட்டுப் பார்த்தார்.

"மேல நெருப்பாக் கொதிக்குது அண்ணை. கீழ சில்லெண்டு கிடக்கு."

என் கணவர் கண்ணைத் திறந்தார். "அப்ப உள்ளுக்குத் தண்ணி ஓடேல்லை. அடைச்சுப்போச்சு."

"என்ன தண்ணி விடுறனீங்கள்?" என்று கேட்டார் சாரதி.

"கிணத்துத் தண்ணிதான். வேற என்னத்தை விடுறது?" என்றேன் நான்.

அப்போதுதான் மூன்று பேருக்கும் விளங்கியது. எங்கள் ஊர்க் கிணறுகள் உவர். குளிக்க, உடுப்புத் தோய்க்க அது. பவுசரில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் தேத்தண்ணிக்கும் மட்டும். அதைக் கொண்டுபோய்க் காருக்கு விட்டால் ஊரே வாயில் போட்டு மெல்லும். கார் கசியக் கசிய, ஒவ்வொரு பயணத்துக்கும் வாளி வாளியாக நாங்கள் உப்பைத்தான் ஊற்றியிருக்கிறோம்.

சாரதி எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல நிரப்பினார். எங்களிடம் இருந்த கான்களையும் நிரப்பித் தந்தார். "சனம் வாளியோட பாத்துக்கொண்டு நிக்கும், நான் போகவேணும். முள்ளு ஏற முதலே நிப்பாட்டி நிப்பாட்டிப் போங்கோ அக்கா," என்றார். அப்படியே போனோம். நின்று, ஆறவிட்டு, ஊற்றி, மறுபடி ஓடி, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உடனே அவரை மெஷினில் போட்டார்கள்.

பிறகு பட்டணத்தில் ரேடியேற்றரைக் கழற்றி, வாயைத் திறந்து, ஒவ்வொரு துவாரத்துக்கும் கம்பி விட்டுக் குத்தினார்கள். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலின் அடியில் பிடிக்கிற மாதிரி வெள்ளைக் கட்டி கட்டியாகக் கொட்டியது. அன்றிலிருந்து காருக்கு நல்ல தண்ணீர்தான். ஊருக்கு வருகிற தண்ணீரில் எங்கள் பங்குக்கு மேல் நான் எடுக்கவில்லை. அவர் குடிக்க முடியாத அவருடைய பங்கைத்தான் காருக்கு விட்டேன். அவர் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கார் அதற்குப் பிறகு ஒரு முறையைக்கூடத் தவறவிடவில்லை.

கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு முன் அவருடைய இதயமும் களைத்துப்போனது. இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார் டொக்டர். அந்தக் காரில்தான் கூட்டி வந்தேன். கட்டிலில் படுத்ததும் தண்ணீர் கேட்டார். பெரிய கோப்பை நிறைய நல்ல தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நிறுத்தாமல் குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காருக்கும் கொஞ்சம் மிச்சம் வையும்."

அடுத்த நாள் காலை, அதே கட்டிலில், என் கை அவருடைய கையில் இருக்க, போய்விட்டார். நான் கேட்டது கேட்டபடி நடந்தது. இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கலாமோ என்று சில நாள் மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அன்று அந்த வீதியில் நாங்கள் கைவிடப்படவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நம்பிக்கை வற்றிப்போனவர்களுக்குச் சொல்கிறேன். பெரிதாகக் கேட்க மனம் வராவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத நோயாளிகள் இருந்தால் என் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். இப்போது வேறு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறேன். காலையில் எனக்குத் தேத்தண்ணி வைக்க முதல், காருக்கு உரிய தண்ணீரை எடுத்து வைத்துவிடுவேன்.