‘நிறுத்து’ என்று நான் வைத்த பேர்

அப்புத்தளைக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து காலையில் அழைத்தார்கள். விசிறியில் ஒரு பெண்ணின் கை மாட்டிக்கொண்டது என்றார்கள். கைக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டுதான் பிசகியிருக்கிறது என்று உடனேயே சொன்னாலும் அந்த முதல் வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை.

பதுளையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளை இயக்கும் பெட்டிகளைச் செய்கிறோம். பெட்டிக்குள் ஓடும் சின்ன இயங்குதளத்தை எழுதியவள் நான். விசிறியை நிறுத்தும் ஃபங்ஷனும், அதாவது அந்த ஒரு வேலைக்கான நிரல்துண்டும், என்னுடையதுதான். அதற்கு ‘ஸ்டாப் ஃபேன்’ என்று பேர் வைத்திருந்தேன். உண்மையில் அது மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று உடனே திரும்பிவிடும். இறக்கைகள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும்.

பெட்டியின் விளக்குகளுக்கான பகுதியை எழுதியவர் பண்டாரவளையிலிருந்து வரும் என் சக ஊழியர். என் ஃபங்ஷனை அழைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே பச்சை விளக்கைப் போட வைத்திருந்தார். பச்சை எரிந்தால் விசிறி நின்றுவிட்டது, கை வைக்கலாம் என்று தொழிற்சாலையில் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அவர் மேசைக்குக் கோபமாகத்தான் போனேன். ஃபங்ஷனுக்கு மேலே, இது விசிறி நிற்கும்வரை காத்திருக்காது என்று மூன்று வரியில் குறிப்பு எழுதியிருந்தேனே என்றேன். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“நான் பேரைத்தான் வாசிச்சேன். குறிப்பை வாசிக்கல்ல. ஸ்டாப் எண்டு இருந்திச்சு, நிண்டுட்டுது எண்டு நெனச்சேன்.”

பையை எடுத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெமோதரை போனது, எல்ல போனது. கம்பியைப் பிடித்தபடி நான் வைத்த பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ‘சரிபார்’ என்று ஒன்று, அது பழைய அளவுகளை அழித்தும்விடும். ‘தயார்’ என்று ஒன்று. எது தயார் என்று எனக்கே நினைவில்லை.

அடிபட்ட அந்த அக்கா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். விசிறிக் கூண்டின் கதவைத் திறந்து, வலையில் ஒட்டியிருந்த கொழுந்தை எடுக்கப் போனபோது இறக்கை கையைத் தட்டிவிட்டதாம். வலியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மேற்பார்வையாளர் அறிக்கை எழுதுகிறாராம், அக்கா கவனமில்லாமல் கை வைத்ததாக.

“பச்சை எரிஞ்ச பொறகுதாங்க கதவத் தொறந்தேன். எம்மேல தப்புன்னு எழுதிறாம பாத்துக்கங்க.”

நேராக மேற்பார்வையாளரிடம் போனேன். விளக்குப் பொய் சொன்னது, தப்பு எங்களுடையது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டிக்குள் இருப்பதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதையும் எழுதுங்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். இதைச் சரிசெய்யும்வரை மற்றத் தொட்டிகளையும் பெட்டியை நம்பி இயக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சில நாட்கள் நானும் சக ஊழியரும் பேர்களோடு மல்லுக்கட்டினோம். பழைய ஃபங்ஷன் ‘மின்சாரத்தை வெட்டு’ ஆனது. புதிதாக ஒன்றை எழுதி ‘நிற்கும்வரை காத்திரு’ என்று வைத்தோம். இறக்கையின் சுழற்சியை அளந்து, இறக்கை அசையாமல் நின்ற பிறகே இந்த ஃபங்ஷன் வேலை முடிந்ததென்று திரும்பும். அதற்குப் பின்தான் பச்சை. பேர் நீளம் என்று நான் ஒருமுறை முணுமுணுத்தேன். நீளமாக இருக்கட்டும் என்றார் அவர்.

பெட்டிகளை மாற்றப் போன அன்று அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். பேரை மாற்றினோம், விளக்கு எரியும் நேரத்தையும் மாற்றினோம் என்றேன்.

“அப்ப மொதல்ல வச்ச பேரு தப்புங்களா?”

“ஆமாங்க்கா.”

அவர் பொத்தானை அழுத்தினார். விசிறி மெல்ல அடங்கி நின்றது. பச்சை எரிந்தது. அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. குனிந்து, வலைக்குள் இறக்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போதும் ஒரு பேரைத் தட்டிவிட்டு எழுந்து நடக்கிறேன், திரும்பி வந்து அழிக்கிறேன். சக ஊழியரைக் கூப்பிட்டு, குறிப்பை மறைத்துவிட்டு, இந்தப் பேரைப் பார்த்தால் இது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். பாதி நேரம் அவர் வேறெதையோ சொல்கிறார்.