முன் சீட்டில் புனிதர், பின் சீட்டில் ஃபாதர்

என் மகன் ஜீப்பை உயர்த்தின நாளிலிருந்து நானாக அதில் ஏறியது கிடையாது. ஏற்றிவிடுவார்கள். கீழேயிருந்து ரெண்டு பேர் என் பின்பக்கத்தில் கை கொடுத்துத் தள்ளுவார்கள், மேலேயிருந்து ஒருத்தி இழுப்பாள். டீக்கடை வாசலில் நிற்கிற ஆம்பளைகள் கிளாஸை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். நான் ஏலக்காய் மூட்டை மாதிரி உள்ளே போய் விழுவேன். யாராவது ரெண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தாலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிற எனக்கு விடியக்காலையில் இது தேவையா?

நாங்கள் சின்னக்கானலுக்குக் கீழே ஏலக்காட்டில் காய் எடுக்கிறவர்கள். காலையில் எங்களைக் காட்டுக்குக் கொண்டுபோய், சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது என் மகன் வண்டி. லீவு நாட்களில் டூரிஸ்ட்டுகளை மலை உச்சிக்கு ஏற்றிப்போய்ச் சூரியன் காட்டுவான். சூரியன் எங்கள் வீட்டுக் கக்கூஸ் மேலேயும்தான் உதிக்கிறது, அதைப் பார்க்க யாரும் வருவதில்லை.

மற்ற டிரைவர்மார் வண்டியெல்லாம் பெரிய டயர் போட்டு உயர்ந்து நின்றது. இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. டவுனில் இருக்கிற மலையாளத்து மெக்கானிக்கிடம் விட்டான். ஆசான் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். பின் சக்கரத்துக்கு மேலே ரெண்டு பக்கமும் வில் மாதிரி இரும்புப் பட்டைகள் அடுக்கி இருக்கும். அந்த அடுக்கில் பழைய லாரியிலிருந்து கழற்றின பட்டைகளையும் சேர்த்துச் சொருகினார் ஆசான். வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கொம்பு சீவின காளை மாதிரி வந்து நின்றது. இவன் அது பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று போட்டோ எடுத்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட அப்படி நின்றதில்லை.

லாரிப் பட்டை லாரி பாரத்துக்குத்தான் அமுங்கும். நாங்கள் பத்துப் பொம்பளைகள், பத்துத் தூக்குவாளி. அசையவே இல்லை. ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் விழுந்தோம். எங்கள் சீட்டு ரெண்டும் எதிரெதிராக இருக்கும். அதனால் நம் சீட்டிலேயே விழுவோம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் என் பல்செட்டு எதிரில் இருந்த மதினி மடியில் போய் விழுந்தது. மதினி, காலமான என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

"ஏலே மருமகனே," என்று முன்னால் பார்த்துக் கத்தினாள், "நீ எங்கள காட்டுக்குக் கொண்டு போறியா, நேரா மோட்சத்துக்கு அனுப்புறியா?"

"வெயிட்டு பத்தல அத்தே. இன்னும் நாலு பேரு ஏறுனா அமுங்கிரும்."

"நாங்க என்ன சிமெண்டு மூட்டையால? ஒங்கம்மாவ பாரு, பல்லு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்."

அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டிரைவர் சீட்டு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு தொட்டிலில் போகிற மாதிரிப் போனான்.

கடைசியில் பொம்பளைகள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். கோவில் திருநாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இவன் வண்டியில் வருவது, சரியாகாவிட்டால் எதிர்த்த வீட்டுக்காரனின் பழைய, குட்டை ஜீப்பு. மழைக்காலத்தில் டூரிஸ்ட்டு ஒருத்தனும் வரமாட்டான், நாங்கள்தான் இவனுக்குக் கதி. வண்டி நின்றால் இவன் மறுபடியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான். முன்பு போய் வருஷக்கணக்காக அங்கே கிடந்தவன்தான். இங்கே நானும் கோழியும் மட்டும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருப்போம்.

"நீ பெத்தவ, நீ சொல்லு," என்றாள் மதினி.

சொல்லத்தான் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். "ஏய்யா, அந்தப் பட்டை..." என்று ஆரம்பித்தேன்.

"எம்மா, ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டா?" என்று முடித்துவிட்டேன்.

திருநாளுக்கு எங்கள் புனிதரின் சொரூபத்தை மேல் எஸ்டேட்டில் பாறைக் குகை மாதிரி கட்டின கெபிக்கு ஜீப்பில் கொண்டுபோவது வழக்கம். உடம்பெல்லாம் அம்பு குத்தின புனிதர். போகிறதுக்கு முன்னால் அம்புகளையெல்லாம் உருவித் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நம் கண்ணில் குத்துவார். எப்போதும் ஃபாதர் முன் சீட்டில் வருவார், புனிதர் பின்னால் பொம்பளைகள் மடியில் வருவார். போன வருஷம் வேறொருத்தன் ஜீப்பில் ஒரு வளைவில் புனிதரின் கை உடைந்துவிட்டது. கோவிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் பசை வைத்து ஒட்டினார். ஒட்டினது கோணலாகிப் போய், இப்போது பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நிற்கிறார்.

இந்த வருஷம் ஊரிலேயே உயரமான வண்டி என்று என் மகன் வண்டிக்கு மாலை போட்டார்கள். "யாரு மடியில வைக்க?" என்று உபதேசியார் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டார். கோவிலில் பாட்டுக்குக்கூட நான் வாயைத்தான் அசைப்பேன், சத்தம் வராது. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ.

"முன்னாடி வைங்க. பின்னாடி வச்சா இந்தத் தடவ தலை போயிரும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஃபாதர் சின்ன வயசு, நல்ல மனசு. "அம்மா சொல்றது சரிதான். புனிதருக்கே முன் சீட்டு. நான் பின்னாடி வர்றேன்," என்றார். என்ன தாழ்ச்சி, என்ன தாழ்ச்சி என்று கிழவர்கள் உருகினார்கள். தாழ்ச்சிக்குக் கூலி அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

முதல் கல்லுக்கு "சேசுவே" என்றார். அடுத்த கல்லுக்கு "மாதாவே" என்றார். மூன்றாவதற்கு அவர் மலையாளத்தில் சொன்னது எந்தச் செபப் புத்தகத்திலும் கிடையாது. தலை மேல்கம்பியில் மோதியது. அங்கி முழங்காலுக்கு மேலே ஏறியது. நாங்கள் மரியாதைக்கு வெளியே தேயிலையைப் பார்த்தோம். மதினி மட்டும் பார்வையை எடுக்கவில்லை.

"கம்பியப் பிடிச்சுக்கோங்க ஃபாதர். நாங்க தெனமும் இப்பிடித்தான் போறோம்."

முன்னால் புனிதர் பெல்ட்டுப் போட்டுக்கொண்டு, கோணக் கையைத் தூக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் வந்தார்.

கெபியில் ஃபாதர் நாற்காலியில் உட்காரவேயில்லை, பூசை முழுவதும் நின்றார். வெளியே பீடி பற்ற வைத்த ஆம்பளைகள் அதை முடிக்கும் முன்பே பிரசங்கம் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் புனிதர் செய்த புதுமை என்று நான் நம்புவது அது ஒன்றைத்தான்.

பூசைக்குப் பிறகு வரிசையாக நிற்கிற வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார்கள். மந்திரிக்காத வண்டியில் கால் வைக்க எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டு வந்த ஃபாதர் என் மகன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். வாளியைக் கீழே வைத்தார்.

"இத மந்திரிக்க மாட்டேன்."

என் மகன் முகம் வெளுத்துவிட்டது. "ஃபாதர், எல்லாரும் பாக்காங்க..."

"நீ பின்னாடி உக்காந்து போயிருக்கியா?"

"நான் டிரைவர், ஃபாதர்."

"சாவியக் கொடு."

மலையிறங்கும்போது ஃபாதர் ஓட்டினார். பக்கத்தில் புனிதர். என் மகன் பின்னால் என் பக்கத்தில். ஃபாதர் ஒரு குழியைக்கூட விடவில்லை, சிலதைத் தேடிப் போனார் என்றுகூடச் சொல்லலாம். பாதி வழியில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்படிப் பிடித்தது சின்னப்பிள்ளையில் ஊசி போடப் போனபோதுதான்.

"எம்மா, தெனமும் இதுலயா வாரீங்க?"

"இன்னைக்கு மெதுவாத்தான் போகுது," என்றேன்.

மறுநாளே வண்டி ஆசானிடம் போனது. லாரிப் பட்டைகளைக் கழற்றி, மெலிசான நீளப் பட்டை வைத்தார். போன தடவை வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டு இருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டாராம். அதனால் விறைப்பு இன்னும் கூடிப்போனதாம். இந்தத் தடவை தினமும் ஏறுகிற பாரம் ஏறின பிறகுதான் இறுக்க வேண்டும், பாரத்தைக் கொண்டுவா என்று மகனிடம் சொன்னார்.

பாரம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு போனது. பத்துப் பேரும் தூக்குவாளியோடு வொர்க்ஷாப்பில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். ஆசான் அடியில் நுழைந்து ஸ்பேனரைப் போட்டார்.

"அம்மச்சிமாரே, அனங்காதே!"

அசையாமல் இருந்தோம். மதினிக்கு அது பொறுக்காது. "ஆசானே, போல்ட்ட மட்டும் பாரும், மேல பாக்காதயும்."

அவ்வளவுதான். பத்துப் பேரும் சிரித்ததில் வண்டி ஆடியது, ஸ்பேனர் நழுவியது, அடியிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வழியில் போன டூரிஸ்ட்டுகள் இறங்கி வந்து எங்களைப் போட்டோ எடுத்தார்கள். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன், வண்டியை விட்டு மட்டும் இறங்கவில்லை.

வண்டி இப்போது முன்னால் தூக்கிக்கொண்டு, பின்னால் குத்தவைத்த நாய் மாதிரி நின்றது. மற்ற டிரைவர்மார் ஹார்ன் அடித்துக் கேலி செய்தார்கள். மகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் முக்கில் ரெண்டு ஜீப்பு நின்றது, இவனுடையது ஒன்று, எதிர்த்த வீட்டுக்காரனுடையது ஒன்று. பொம்பளைகள் நடுவில் நின்றார்கள்.

மதினி தன் தூக்குவாளி மூடியைத் திறந்து, நிறைய ரசத்தோடு இவன் வண்டித் தரையில் வைத்தாள். "ஏலே, இது சிந்துனா இறங்கிருவோம். பாத்து ஓட்டு."

காடு வரைக்கும் எல்லார் கண்ணும் வாளியில் இருந்தது. பெரிய வளைவில் ரெண்டு சொட்டுத் தெறித்தது. மதினி விரலால் தொட்டு நக்கினாள். "உப்பு கம்மி," என்றாள். வண்டி தப்பித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபாதரே வீட்டுக்கு வந்தார். ஜீப்பின் முன்பக்கத்துக்கு ரெண்டு தெளி தெளித்தார். பின்பக்கம் வந்து குனிந்து பட்டையைப் பார்த்தார், கையால் அமுக்கிப் பார்த்தார், வாளியில் மிச்சமிருந்த தீர்த்தத்தை அப்படியே அதன் மேல் கவிழ்த்தார்.

அதிலிருந்து பட்டை துருப்பிடித்து, ஒவ்வொரு குழிக்கும் கிரீச் கிரீச் என்று கத்துகிறது. கிரீஸ் போட வேண்டும் என்கிறார் ஆசான். மந்திரித்த தண்ணியைத் துடைக்கக் கூடாது என்கிறாள் மதினி. மகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறான்.