ஜங்ஷனில் கழுத்தைப் பார்த்த கமிட்டி

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் சேலம் ஜங்ஷனில் செய்தி சேகரிப்பது என் வேலை. பட்டாள ரயில்களைப் பற்றி எழுத சென்சார் விடாது. பிளாட்பாரத்தில் நடப்பதை எழுதினேன்.

நூல் கிடைக்காமல் பக்கத்து இளம்பிள்ளையில் தறிகள் நின்றிருந்தன. அஸ்ஸாம் எல்லையில், சண்டை நடக்கும் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லி ஏஜென்டுகள் பெண்களை அழைத்துப் போனார்கள். போனவர்களைப் பட்டாள முகாம்களுக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தபின் ஊர்ப் பெண்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். கல்யாணமாகாத பெண் அந்நியனோடு போனால் போலீஸ் துணையோடு ஜங்ஷனிலேயே ரயிலிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

கொஞ்ச நாளில், வந்த பெண்கள் எல்லோர் கழுத்திலும் தாலி இருந்தது.

ஒரு மதியம் மெட்ராஸ் ரயிலில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்பது வயது ஆள். கமிட்டித் தலைவி விசாலாட்சி அம்மாள் கேட்டார்:

"அம்மணி, இவரு யாரு?"

"ஊட்டுக்காரருங்க."

"பேரு?"

பெண் தலை குனிந்துகொண்டாள். அந்த ஆள் சிரித்தான்.

"ஏனுங்கம்மா, நீங்க உங்க ஊட்டுக்காரர் பேரைச் சொல்லுவீங்களா?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "நல்லா வளத்திருக்காங்க" என்றார் ஏட்டு. விசாலாட்சி அம்மாள் வெட்கப்பட்டு, அவளுக்குக் குங்குமம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த மாதம் ஒரு நெசவாளி ஜங்ஷனுக்கு வந்தார். ஆஸ்பத்திரி வேலைக்கென்று போன மகள் நல்லம்மாளிடமிருந்து தகவலே இல்லை என்றார். அவர் சொன்ன அடையாளங்கள் அந்தப் பெண்ணுடையவை.

"வழியில புடிப்பாங்கன்னு, ஆள் சேக்க வந்த மேஸ்திரி தாலிக் கவுறு கட்டி உட்டாருங்க. போய்ச் சேர்ந்ததும் கழட்டிக்கலாம்னாரு."

ஏட்டு புகார் எழுத உட்கார்ந்தார்.

"மேஸ்திரி பேரென்ன?"

"மேஸ்திரின்னுதானுங்க கூப்புடுவோம்."

"உம் பொண்ணுக்காச்சும் தெரியுமா?"

"அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த விசாலாட்சி அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன்பின் கமிட்டி, தாலி கட்டியவளானாலும் பெண்ணை வெயிட்டிங் ரூமுக்குத் தனியே அழைத்து விசாரித்தது. கூட வந்த ஆண் வெளியே நிற்க வேண்டும். பல கணவன்மார் சண்டைக்கு வந்தார்கள். சிலர் பெண்ணை விட்டுவிட்டு நழுவினார்கள்.

நல்லம்மாளைப் பற்றி நான் எழுதியதை ஆசிரியர் திருப்பித் தந்தார். "ஆள் பேரும் இல்ல, முடிவும் இல்ல. இத எப்படிப்பா போடறது?"

கடைசிவரை எனக்கும் முடிவு தெரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: பேசாமல் நிற்கும் பெண்ணை அடக்கமானவள் என்று எழுதுமுன், அவள் பக்கத்தில் நிற்பவனை விலக்கிவிட்டு ஒருமுறை கேளுங்கள்.