ராமுலு விட்ட அத்தியாயம்

தரையில் மல்லாந்து, இடது காலை மடக்கி, வலது கையைத் தலைக்கு மேலே நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு ராமுலு மூச்சை அடக்குவார். முப்பது எண்ணும்வரை அசைய மாட்டார். மனைவி வெங்கடலட்சுமி விளக்குமாறோடு வந்து அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. கேலிக்கு மட்டும் அவளுக்குத் தமிழ்தான் வரும்.

“ஏனுங்க, இன்னைக்கு யாருங்க செத்தது?”

“லண்டன்ல ஒரு வக்கீலு.”

“வெரசாச் செத்துப்போட்டு எந்திரிங்க. சோறு ஆறிப்போகுது.”

பீளமேட்டில் ஒரு மில்லில், வருகை பதியும் டைம் ஆபீஸில் குமாஸ்தா அவர். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தமிழாக்குவார். பிணம் எப்படிக் கிடந்தது என்று படுத்துப் பார்க்காமல் அவருக்கு ஒரு வரி ஓடாது. இப்படிப் பத்தொன்பது பேருக்காகச் செத்திருக்கிறார். வெளிநாட்டுப் பெயர்களை வெங்கடலட்சுமியிடம் சொல்லிக் காட்டுவார். அவள் வாயில் நுழையாத பெயர் புத்தகத்திலும் நுழையாது.

அந்த நாவல்களை வெளியிட்டவர் அங்கப்பன். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். கோயமுத்தூர் ராஜவீதியில் அச்சகம். இரண்டு தொழிலுக்கும் அவரிடம் ஒரே அளவுகோல். “பருப்ப மட்டும் எடுங்க ராமுலு, கொட்டாங்குச்சிய வீசிப்போடுங்க” என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், உக்கடத்துப் பழைய புத்தகக் குவியலில் அட்டை போன ஒரு நாவல் ராமுலுவுக்குக் கிடைத்தது. பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதி இங்கிலீஷுக்குப் போனது. பனி உறைந்த ஏரிக்கரையில் ஒரு சிற்றூர். மாதாகோயில் பாட்டுக்குழுவில் மகா மோசமாகப் பாடும் ஒருவனை அவன் மைத்துனனே கொன்று, பனிக்கட்டிக்கு அடியில் தள்ளிவிடுகிறான். ஊருக்கே தெரியும். யாரும் மூச்சு விடுவதில்லை. எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டு நொந்தவர்கள். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டரும் அதே குழுவில் பாடுகிறவர். பனி உருகினால் பிணம் மிதக்குமே என்று வசந்த காலத்துக்குப் பயந்து ஊர் முழுக்க நாள் எண்ணுகிறது.

பிணமாகப் படுத்திருந்தபோதே ராமுலு சிரித்துவிட்டார். வயிறு குலுங்கியது. இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

கடைசி அத்தியாயத்தில்தான் அவர் எழுந்து உட்கார்ந்தார். பிணத்தை அடக்கம் செய்துவிட்டு ஊரார் கோயிலில் நிற்கிறார்கள். பாட்டை எடுத்துக்கொடுக்க ஆளில்லை. இத்தனை வருஷமும் தப்பாகவாவது முதலில் வாய் திறந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டே சரியாகப் பாடியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அழுகிறார்கள்.

“நம்மூர்ல ஏதுங்க பனிக்கட்டி ஏரி?” என்றார் அங்கப்பன். “நம்ம பக்கத்துக்கு மாத்திப்போடுங்க.”

மாற்றினார். ஏரி, மதுக்கரைப் பக்கம் கைவிடப்பட்ட கல்லுக்குழி ஆனது. மழைத்தண்ணீர் தேங்கிய குழி. சித்திரை வெயிலில் வற்றும்போது பிணம் தெரியும். பாட்டுக்குழு பஜனைக் கோஷ்டி ஆனது. செத்துப்போகிற பாட்டுக்காரனுக்கு மட்டும் ஒரு முகம் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பெருமாள் கோயில் பஜனையில் அது கிடைத்தது.

அந்த முகம் கண்ணையாவுடையது. அதே மில்லில் நூற்பு மிஷின்களைப் பழுதுபார்க்கும் ஸ்பின்னிங் பிட்டர், ராமுலுவைவிட இரண்டு வயது மூத்தவர், முப்பது வருஷத்துச் சிநேகிதர். நூல் சுற்றும் கதிர்களின் இரைச்சலில் வேலை செய்து காது மந்தமாகிவிட்டது. தன் குரல் சுருதியை விட்டு எங்கே போகிறது என்று அவருக்குக் கேட்காது. பாடுமுன் மூன்று தரம் தொண்டையைக் கனைப்பார். மூன்றாவது கனைப்பில் கண்ணை மூடிக்கொள்வார். ஜால்ராவை அரைத்தாளம் தள்ளியே தட்டுவார். காது விஷயம் ராமுலுவுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார், ஒன்றையும் விடாமல். எழுதும்போது கை இனித்தது.

அச்சுக்குப் போகிற அன்று அங்கப்பன் கையெழுத்துப் பிரதியைக் கையில் எடை பார்த்தார்.

“பொணம் வெளிய வந்துருச்சு, இன்ஸ்பெக்டர் தொப்பியக் கழட்டிப்போட்டாரு. கதை முடிஞ்சுதுங்க. அப்புறமும் என்னத்துக்குங்க எட்டுப் பக்கம்?”

“அதுலதானுங்க அவுங்க அழுவறாங்க.”

“கொலைக்கதை வாங்கறவன் அழுவறதுக்காங்க வாங்கறான்? தொண்ணூத்தாறு பக்கத்தோட நிறுத்திப்போடலாமுங்க.”

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராமுலு “சரிங்க” என்றார். அந்த எட்டுப் பக்கத்தையும் மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

புத்தகம் அவர் எழுதிய எதையும்விட வேகமாகப் போனது. மில் வாசல் டீக்கடையில் எவனாவது மூன்று தரம் கனைத்தால் பெஞ்சே குலுங்கியது. கண்ணையாவுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை தான் பாடும் அடி வந்ததும் கனைத்தார். இரண்டாவது கனைப்பிலேயே முன்வரிசை சிரித்தது. மூன்றாவதில் கோயிலே சிரித்தது. அவரும் என்னவென்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்குப் போய் மகள் பங்காரம்மாவைக் கேட்டார். அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து தொண்ணூற்றாறு பக்கத்தையும் படித்துக் காட்டினாள். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கப் படித்தாள். தெருவும் கேட்டது.

திங்கட்கிழமை காலை, டைம் ஆபீஸ் ஜன்னலில் கார்டை நீட்டினார் கண்ணையா. “ஏண்டா ராமுலு” என்றுதான் முப்பது வருஷமாகக் கூப்பிட்டவர்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றார்.

அந்த ‘ங்க’ ராமுலுவின் மேல் கல்லாக விழுந்தது. எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் பேசும் ஊர் அது. கண்ணையா மட்டும்தான் ராமுலுவிடம் அப்படிப் பேசாதவர்.

ஒரு மாதம் ராமுலுவுக்குத் துணிச்சல் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கண்ணையாவின் வீட்டுக்குப் போனார். காப்பி வந்தது. மனைப்பலகை வந்தது. ஒரு குறையும் இல்லாத மரியாதை.

“அண்ணா, இதைக் கேக்கோணும் நீங்க” என்று சொல்லி, அந்த ஊரார் அழுத அழுகையை அவர் கத்திப் படித்தார். மெல்லப் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. வேறு வழியில்லை. படித்து முடித்ததும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

கண்ணையா காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா இது புஸ்தகத்துல இல்லீங்களே?”

“இல்லீங்கண்ணா. பக்கம் மிஞ்சிப்போச்சுன்னு…”

“அப்ப அவுங்க அழுகலீங்க. சிரிச்சதோட சரி.”

எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். “போயிட்டு வாங்க” என்றார்.

இப்போது ராமுலு கொலை எதுவும் எழுதுவதில்லை. பருத்திச் செடியைத் தாக்கும் காய்ப்புழு பற்றி விவசாயிகளுக்கான சிறு பிரசுரங்களை மொழிபெயர்க்கிறார். இரண்டாம் பதிப்பில் எட்டுப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்லி அங்கப்பனிடம் மூன்று தடவை போய் நின்றார். “ஓடற வண்டிக்கு எதுக்குங்க இன்னொரு சக்கரம்?” என்று அவர் பழையபடியே அச்சடித்துவிட்டார்.

ராமுலு சனிக்கிழமை தவறாமல் பஜனைக்குப் போகிறார். கண்ணையாவும் வருகிறார், அவர் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. ஆனால் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருகிறார். கனைப்பதில்லை. அவர் அடியை இப்போது ஒரு வாலிபன் சுத்தமான சுருதியில் பாடுகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டம் நெருக்கியதில் ராமுலு தூணோரம் தள்ளப்பட்டு, கண்ணையாவின் பக்கத்திலேயே உட்கார நேர்ந்தது. கண்ணையா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் ஒவ்வொரு சொல்லாக, சத்தமே இல்லாமல், அசைந்துகொண்டிருந்தன. ராமுலு அவர் பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கையைக் குவித்துக் காதோடு வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார்.