ஈரம் படாத கம்ப்யூட்டர்

தரங்கம்பாடிக் கடலில், படகில் வைத்து என் தம்பியைக் கன்னத்தில் அறைந்தேன். சற்று முன்பு கடலடியிலும் ஒரு குத்து விட்டிருந்தேன். தண்ணீருக்குள் அடித்தால் அடி சரியாகப் போய்ச் சேராது.

நாங்கள் திருக்காட்டுப்பள்ளிக்காரர்கள். அவன் நெல் விவசாயம் பார்க்கிறான், நான் தஞ்சாவூரில் வங்கியில் இருக்கிறேன். அறுவடை முடிந்ததும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது எங்கள் இருவருக்கும் உள்ள பைத்தியம். அப்போது மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் இருக்கும். பார்க்கக் கடிகாரம் மாதிரி. ஆழத்தில் உடம்புக்குள் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று அது கணக்குச் சொல்லும். மீறினால், மேலே வரும்போது அந்த வாயு குமிழியாகி உள்ளே அடைக்கும். கை கால் விழும், ஆளே போய்விடலாம். அதனால் நான் கைக்கு ஒன்றாக இரண்டு கட்டுவேன். "எதுக்குக்கா ரெண்டு? வளையல் மாதிரி அடுக்கப்போறியா?" என்று கிண்டலடிப்பான். நச்சரித்து அவனையும் இன்னொன்று வாங்க வைத்தேன்.

வாங்கினான், ஆனால் கட்டவில்லை. எங்கள் ஊரில் போர்செட்டுக்கு மாற்று மோட்டார் வாங்கினால் சாக்கைச் சுற்றிக் கொட்டகையில் போட்டு வைப்பார்கள். ஓடுகிற மோட்டார் எரிந்தால்தான் அது வெளியே வரும். இவனும் அதே புத்தியில் புதிய கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிப் படகிலேயே வைத்துவிட்டு, காலையில் என்னோடு இரண்டு முறை இறங்கி ஏறினான். மதியம் பழையது செத்துப்போனது. என்னிடம் மூச்சுவிடாமல் புதியதைக் கட்டிக்கொண்டு மூன்றாம் முறை குதித்தான்.

கீழே என் கம்ப்யூட்டர்கள் இரண்டும் நேரம் முடியப்போகிறது என்றன. மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவன் மறுத்துத் தலையாட்டி, மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினான். தாராளமாக நேரம் இருப்பதாக அதில் எண் மின்னியது. பட்டை நீல நிறம், பழையதன் பட்டை கறுப்பு. காலையில் அவன் உடம்பில் ஏறியது எதுவும் அந்தப் புதியதற்குத் தெரியாது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

சிலிண்டர் பட்டையைப் பிடித்து இழுத்தேன், உதறினான். முகத்தில் குத்தினேன். திருப்பி உதைத்தான். அந்த உதையில் என் இடது கைக் கம்ப்யூட்டர் பட்டை அறுந்து அடியில் போய்விட்டது. வலது கையில் இருந்தது மிஞ்சியது. காலையிலிருந்து என்னோடு நனைந்தது அது. அவன் மார்புப் பட்டையில் விரலை முறுக்கி மேலே இழுத்து வந்தேன். ஏறிய வாயு மெல்ல வெளியேறும்வரை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே காத்திரு என்றது என் கம்ப்யூட்டர். காத்திருக்க வைத்தேன். முழங்கையால் விலாவில் இடித்தான். இவனை விட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. கடைசியில் என் விரல்களை முறுக்கிப் பிரித்துவிட்டு மேலே பாய்ந்தான். நான் காத்திருக்க வேண்டிய நேரத்தை முடித்துவிட்டு, கொதித்துக்கொண்டு படகில் ஏறினேன். ஏறியதும் விட்டதுதான் அந்த அறை.

அவன் திருப்பி அடிக்கவில்லை. "அக்கா, இடது கை மரத்துப்போச்சு" என்றான்.

கிள்ளினேன். "தெரியுதா?"

"இல்லக்கா."

நகம் இறங்கி ரத்தம் வந்தது. "இப்ப?"

"இல்ல."

படகுக்காரர் ஆக்சிஜன் முகமூடியை அவனுக்கு மாட்டிவிட்டுப் படகைக் கரைக்கு விரட்டினார். அங்கிருந்து காரில் மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அந்தக் கையைக் கிள்ளினேன், அடித்தேன், விரல்களை முறுக்கினேன். கண்டபடி திட்டினேன். அழுதேன். அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

மயிலாடுதுறைக்குள் நுழையும்போது முகமூடியை விலக்கினான்.

"விடுக்கா. வலிக்குது."

விடவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினேன்.