ராகு காலத்தில் பலாப்பழ ஐஸ்கிரீம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும்தான் செய்வார்கள். ஒருத்தரும் அதைச் சாப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் சரி என்று சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று எழுந்துவிடுவார்கள். லெட்டர் வராது. கேசரி மட்டும் எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்குக் கிடக்கும். ஆறிப்போன கேசரியை அத்தனை தடவை தின்றதாலோ என்னவோ, இன்றைக்கும் கல்யாண வீட்டில் இலையில் கேசரி விழுந்தால் நான் அதை ஓரமாக ஒதுக்கிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆண்டிமடத்தில் வீடு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வந்தவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். என் நிறம் என்றாள் பெரியம்மா. வயசு என்றார் சித்தப்பா. வந்தவர்களை ஒரு வார்த்தை பேச விடாமல் அப்பாவே பேசித் தீர்த்துவிடுகிறார் என்பது என் கட்சி. அம்மா மட்டும் கேசரிமேல் பழியைப் போட்டாள்.

"கேசரி கிண்டுன நாளெல்லாம் வெளங்கல. இந்தத் தடவ வேற எதாச்சும் பண்ணுவோம்."

இந்தத் தடவை வரப்போகிறவர் பாடாலூர்க்காரர். ரோட்டு மேலேயே உரக்கடை வைத்திருந்தார். மெட்ராஸில் படித்தவர், ஐஸ்கிரீம் என்றால் உயிரை விடுவார் என்று தரகர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது. ஆனால் நான் திருச்சியில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது, ஹாஸ்டலில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வார்டனுக்குத் தெரியாமல் ஒரு தூக்குவாளியில் ஐஸ்கிரீம் செய்திருக்கிறோம். அதை எப்போதோ வீட்டில் பெருமையடித்து வைத்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் கல்யாணம் என் பாடு மட்டுமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். எனக்குக் கீழே ஒரு தங்கை. என்னைவிட ஐந்து வயது சின்னவள். அத்தை மகன் அவளுக்கென்றே காத்துக்கொண்டிருந்தார். "பெரியவளுக்கு முடியட்டும், மறுமாசமே வெச்சுக்கலாம்" என்று அத்தை சொல்லிச் சொல்லி வருஷங்கள் போய்விட்டன. தங்கை இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் பேசாமல் இருக்க இருக்க, நான்தான் வாசல்படியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அம்மா கணக்குப் போட்டாள். மூன்று மணிக்கு வருகிறார்கள். நாலு மணிக்குள் பேச்சு முடியும். முடிந்ததும் ஐஸ்கிரீம். ராகு காலம் பிறக்கும்போது அவர்கள் கை நனைத்து முடித்திருப்பார்கள். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அப்பா காலையில் முதல் பஸ்ஸுக்கு அரியலூர் போய், அங்கே ஐஸ் கம்பெனியில் ஒரு பார் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சாக்கு சொட்டச் சொட்ட அவர் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, "யாருங்க தவறிட்டது?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் ஒருவர் ஐஸ் பாரைத் தூக்கிக்கொண்டு போனால் அது பிணத்துக்காகத்தான் இருக்கும். வெளியூரிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடம்பு தாங்க வேண்டுமே. யாரோ ஒருவர் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஓயாமல் பேசுகிற அப்பா அன்றைக்கு இல்லை என்றும் சொல்லாமல், ஆமாம் என்றும் சொல்லாமல், ஜெயங்கொண்டம் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்து வந்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சாக்கின்மேல் தெளித்த பிறகுதான் அதை வீட்டுக்குள் விட்டாள்.

பலாப்பழம் எங்கள் ஊரில் தெருவில் உருளும். நல்ல பழமாக ஒன்றை அறுத்து, சுளைகளைக் கொட்டை நீக்கி, கொஞ்சம் பாலில் வேகவைத்து மசித்தேன். மீதிப் பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆறவிட்டு, இரண்டையும் கலந்தேன். கலந்ததை மூடி போட்ட தூக்குவாளியில் முக்கால் வாசிக்கு ஊற்றி, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து அப்பினேன். பெரிய இரும்பு வாளி ஒன்றின் நடுவில் தூக்குவாளியை வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸ் ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசை என்று கழுத்துவரை நிரப்பினோம். பிறகு ஒன்றுமில்லை. தூக்குவாளியின் காதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே மூடியைத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளிவிட்டு, மறுபடி மூடி, மறுபடி திருப்ப வேண்டும். கை ஓயாமல் இருந்தால் முக்கால் மணியில் ஐஸ்கிரீம் ஆகிவிடும்.

திருப்பியது தங்கைதான். எனக்குப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கொல்லையில் அவள் குத்த வைத்து உட்கார்ந்து விடாமல் திருப்பிக்கொண்டிருந்தாள். உப்பும் ஐஸும் பட்டு அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. "கொஞ்சம் நிறுத்துடி" என்றதற்கு, "நல்லா வரணும்க்கா" என்றாள். நன்றாகத்தான் வந்தது. மூன்றரை மணிக்குத் திறந்து பார்த்தால், கரண்டி நட்டது நட்டபடி நின்றது.

ஆனால் அவர்கள் வரவில்லை. மூன்று மணி பஸ்ஸிலும் இல்லை, அதற்கடுத்த பஸ்ஸிலும் இல்லை. நாலரைக்குச் சற்று முன்னால்தான் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார்கள். அரியலூரில் பஸ் கிடைக்கவில்லையாம். அப்பா எல்லாரையும் உட்கார வைத்துப் பேச ஆரம்பிக்கப் போக, தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராவுகாலம் பொறந்துடுச்சுங்க. ஆறு மணி தாண்டட்டும். அப்பறமா நல்லபடியா பேசிக்கலாம்."

"அதுக்கென்னங்க, அதுவரைக்கும் ஒரு வாய் பலகாரம்…" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பேசி முடிச்சிட்டுக் கை நனைக்கறதுதான் மொறை."

பேசாமல் சாப்பிடக் கூடாது. ஆறு மணிக்கு முன் பேசக் கூடாது. நாங்களும் அதே வழக்கத்தில் வந்தவர்கள்தான், ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா சமையல்கட்டுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கொல்லையில் வாளிக்குள் ஐஸ் பாதியாகிவிட்டிருந்தது. மிச்சம் இருந்த துண்டுகளையும், வீட்டில் இருந்த கல்லுப்பு மொத்தத்தையும் கொட்டினோம். தங்கை ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு மறுபடி திருப்ப ஆரம்பித்தாள். வைகாசி வெயில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் கொல்லையில் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் பொறுக்க முடியாமல் பட்டுப்புடவையோடு போய் ஒரு கை பிடித்தேன். முந்தானையில் உப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. உள்ளே அப்பாவையும் சேர்த்து நாலு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு மூடியைத் திறந்தபோது ஓரமெல்லாம் இளகி, நடுவில் மட்டும் ஒரு கட்டி நின்றது. இன்னும் கால்மணி போனால் பாயசம்தான்.

"எடுத்துக் குடுத்துடலாம்மா" என்றேன்.

"ஆறு அடிக்கட்டும்."

"அதுக்குள்ள கரைஞ்சு போயிடும்."

"கரைஞ்சா கரையட்டும். நீ வாய மூடிக்கிட்டு ஒக்காரு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. என் தங்கையின் கையைப் பார்த்தேன். பிறகு யாரையும் கேட்கவில்லை. மூன்று எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, மேலே முந்திரிப் பருப்பைத் தூவி, தட்டில் வைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். பெண்ணைக் கூப்பிட்டு, பெண் வந்து, விழுந்து கும்பிட்டு, என்பதெல்லாம் அப்படியே நின்றுபோனது. "கரையுதுங்க, சாப்பிடுங்க" என்று ஸ்டூலின்மேல் தட்டை வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மருமகளாக வரப் போகிறவளின் முகத்தை ராகு காலத்தில் பார்க்கக் கூடாது என்று அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறார். தாய்மாமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் ஒரு கிண்ணத்தை எடுத்தார். தடித்த உடம்பு, சாதுவான முகம். ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். நான் பொய் சொல்லவில்லை, முகம் மலர்ந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "வீட்லயே பண்ணதா?" என்றார்.

"தம்பி, கீழ வையி" என்றார் அவர் அம்மா, குனிந்த தலை நிமிராமலே.

அவர் வைத்துவிட்டார். வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் திகைத்ததுபோல் இருந்தது. பிறகு விழுங்கிவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா சொன்னதும் ஸ்பூனைக் கீழே வைக்கிற மனுஷனோடு என்ன வாழ்க்கை நடத்துவது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னாளில் இதைக் கேட்ட என் சிநேகிதிகள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், தப்பித்தாய் என்று. எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. அந்த ஒரு ஸ்பூனுக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. அவர் "சரி" என்று சொல்லியிருந்தால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு பாடாலூருக்குப் போயிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே இரக்கமாக வருகிறது.

நான் உள்ளே வந்துவிட்டேன். அவர்கள் ஆறு மணிவரை மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கிண்ணமும் அவர்கள் எதிரிலேயே கரைந்தன. ஆறு அடித்ததும் தாய்மாமன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "லெட்டர் போடறோங்க" என்றார். அப்பா பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

கேசரி என்றால் மூடி வைக்கலாம். இதை வைக்க முடியாது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் வந்தவர்கள் சாப்பிடாமல் போனது விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கொட்டலாம் என்றாள் அம்மா. இவ்வளவு பாலைக் கொட்ட அப்பாவுக்கு மனசு வரவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் சமையல்கட்டில் தூக்குவாளியைச் சுற்றி உட்கார்ந்தோம். நடுவில் இருந்த கட்டி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கரைவதற்குள் தின்றுவிட வேண்டுமே என்று வேகவேகமாகத் தின்றோம். அவ்வளவு ருசியான ஐஸ்கிரீமை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. அம்மா தின்றுகொண்டே அழுதாள். தங்கைக்கு ஸ்பூன் பிடிக்க விரல் வளையவில்லை. கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பேச வாய் வந்துவிட்டது.

"அப்பா, எனக்கு இனிமே பாக்க வேணாம். தங்கச்சிக்கு மொதல்ல முடிச்சிடுங்க" என்றேன்.

மூத்தவள் இருக்க இளையவளுக்கு முடிப்பது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மூத்தவளைக் கேட்டு யாரும் படி ஏற மாட்டார்கள். "அதெப்படிம்மா, நீ இருக்கறப்ப" என்று ஒரு தடவையாவது சொல்வார் என்று பார்த்தேன். சொன்னால் நான் இல்லை இல்லை என்று மறுக்க வேண்டும், அவர் வற்புறுத்த வேண்டும், அம்மா என்னைத் திட்ட வேண்டும். அதற்கெல்லாம் மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன்.

அப்பா கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தைக்கு நாளைக்கே ஆள் விட்டுச் சொல்லிவிடலாமா என்று அவரைக் கேட்டாள்.