உறைய மறுத்த பால்

பினாங்கு ஃபெரியில் பால் டின் கட்டிய சைக்கிளோடு ஏறினால் ஆட்கள் தானாகவே ஒதுங்கி இடம் விடுவார்கள். மரியாதைக்காக அல்ல, மாட்டு வாடைக்காக. எண்பதுகளின் தொடக்கத்தில் தினமும் காலையில் நான் அப்படித்தான் பாகான் டாலாமிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் பால் கொண்டுபோனேன்.

அதற்கு முன் என்னென்னவோ வேலை. ஆறாம் வகுப்போடு ரப்பர் தோட்டப் பள்ளியை விட்டவனுக்குக் கிடைப்பதுதான் வேலை. லாரியில் மூட்டை தூக்கினேன். துறைமுகத்தில் கயிறு இழுத்தேன். பிறகு நிபோங் திபாலுக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணை. கொட்டகைக்குப் பக்கத்திலேயே படுக்கை. கொஞ்ச நாளில் நாற்றம் தெரியாமல் போய்விடும். பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பார்த்துத்தான் நினைவு வரும். அங்கே தீவனத்தில் மஞ்சள் பொடி ஒன்றைக் கலப்பது என் வேலை. கோழிகளுக்கு என்ன நோய் என்று மேலாளரிடம் கேட்டேன்.

"நோயா? ஒண்ணும் இல்லலா. நோய் வராம இருக்கப் போடுறோம். சீக்கிரம் எடையும் ஏறும்."

எனக்கு அது அப்போது விசித்திரமாகப் படவில்லை. மூட்டை மூட்டையாக வந்தது, கலந்தேன். கூலி சரியாக வராததால் கிளம்பினேன்.

பாகான் டாலாமில் மாடு வைத்திருந்த ஓர் அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரைக் கம்பத்து ஊர் முழுக்க அக்கா என்றுதான் அழைத்தது. கணவர் இறந்த பிறகும் மாடுகளை விற்காமல் வைத்திருந்தவர். வாய் கொஞ்சம் அதிகம். நாலைந்து மாடுகள் இருந்தாலும் குடும்பத்துக்குச் சோறு போட்டது நெற்றியில் வெள்ளை விழுந்த பெரிய பசு ஒன்றுதான். அதன் பாலில்தான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நடந்தன.

மடி வீங்கினால் எங்கள் மாட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தீவனக் கடையில் டியூப் வாங்குவார்கள். முனை நீண்ட சின்னக் குழல் அது. காம்புத் துளையில் வைத்து அழுத்தினால் மருந்து உள்ளே போகும். ஒரு தடவைக்கு ஒரு முழு டியூப் என்று அட்டையில் எழுதியிருந்தது. யாரும் முழுதாகப் போட்டதில்லை. பாதியை அழுத்திவிட்டு மிச்சத்தை வாழையிலையில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகி வைப்பார்கள். வீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டு மாடு வீங்கினால் அந்த மிச்சம் வேலிக்கு மேலே கை மாறும். கொடுக்க மறுத்தால்தான் சண்டை வரும்.

பெரிய பசுவின் மடி வீங்கியது. அக்கா பாதி டியூப் போட்டார். வற்றியது. சில நாளில் மறுபடி வீங்கியது. பக்கத்து வீட்டு மிச்சத்தைப் போட்டார். வற்றியது போல இருந்து மறுபடி வீங்கியது. கடையில் வேறு நிற டியூப் வாங்கிவந்தோம். நடுவில் கறந்த பாலெல்லாம் என் டின்னில் ஏறித் தீவுக்குப் போனது.

ஜார்ஜ் டவுனில் எங்களிடம் தயிருக்குப் பால் வாங்கிய சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருநாள் என்னைக் கடை முன் அஞ்சடி நடைபாதையிலேயே நிறுத்தினார்.

"டேய், பால்ல என்னத்தடா கலக்குறே?"

"பால்தாண்ணே."

"பால்னா ஏன் உறையல? உறை ஊத்தி வெச்சா தண்ணியாட்டம் நிக்குது. தயிர் கேக்குறவனுக்கு என் தலையையா போடுறது?"

"உங்க உறைமோரு செத்திருக்கும்ணே."

"எங்கப்பா காலத்துலேருந்து செத்ததில்ல. உன் பாலுதான் அதக் கொன்னுருக்கு, போ!"

கோபத்தில் அவர் சொன்னது அப்படியே உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்து சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வழியில கொழாயத் தொறந்தியா?"

"தண்ணி கலக்குறவனா இருந்தா பாதிய நான் குடிச்சிட்டுல்ல கலந்திருப்பேன். என் உடம்பப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. அன்றிரவே வீட்டில் உறை ஊற்றிப் பார்த்தார். மற்ற மாடுகளின் பால் உறைந்தது. பெரிய பசுவின் பால் உறையவில்லை.

கெப்பாலா பத்தாஸிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் கால்நடை டாக்டர் ஜீப்பில் வருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அதட்டினாலும் மரியாதை தவறாத பேச்சு. கூரை இடுக்கிலிருந்த டியூப்களையெல்லாம் எடுக்கச் சொன்னார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன.

"இதெல்லாம் ஆர் தந்தது?"

"யாரு தரணும்? கடையில விக்கிறான்."

"டொக்டரிட்டைக் கேக்காமல் வாங்கக் கூடாது அம்மா."

"நீங்க செவ்வாக்கெழமதானே சார் வர்றீங்க. மாட்டுகிட்ட சொல்லி வெக்கவா, செவ்வாக்கெழம பாத்து வீங்குன்னு?"

டாக்டர் காம்பைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பொறுமையாகவே விளக்கினார். பாதி மருந்தில் வலுவில்லாத கிருமிதான் சாகும், வலுவானது பிழைத்துப் பெருகும். வாய்திறந்த டியூப்போடு அது வீடு வீடாகவும் போகும். மருந்து பாலில் இறங்கும், அந்தப் பாலில் உறைமோர் பிடிக்காது, குடிக்கிற பிள்ளைக்கும் அந்த மருந்து போகும். இனி மருந்து போட்ட மாட்டின் பாலை விற்கக் கூடாது, கீழே ஊற்ற வேண்டும், அதுதான் சட்டம் என்றார். சோதனைக்குப் பாலைச் சீசாவில் எடுத்துப் போனார்.

அக்கா பாலைக் கால்வாயில் ஊற்றினார். ஊற்றும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு நாங்கள் கீழ்ப்படிந்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சோதனை முடிவோடு டாக்டர் வந்தபோது பசு படுத்துவிட்டது. காய்ச்சல். மடி கல்லாக இருந்தது. தன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மருந்தாகக் காட்டினார்.

"இதுக்கும் கேக்காது. இதுக்கும் கேக்காது. இது ஒண்டு கொஞ்சம் கேக்கலாம், நிச்சயமில்லை. இவ்வளவு மருந்துக்கும் இந்தக் கிருமி பழகிப்போச்சு. நீங்கள்தான் பழக்கியிருக்கிறியள்."

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நாங்க மட்டுமா சார்? நிபோங் திபால் பண்ணையில மஞ்ச மருந்துப் பொடிய நான் மூட்டை மூட்டையா கலந்தேன். நல்லா இருக்கிற கோழிக்கு. அங்க எந்த டாக்டர் வந்தாரு?"

"அது தீவனம், தம்பி. கணக்கிலை அது மருந்தில்லை. தீவனத்துக்கு வேற சட்டம்."

"ஒரே மருந்துதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே மருந்துதான். நானும் மேல சொல்லிப் பாத்திட்டன். நாடு முழுக்க ஒரே ஒழுங்கு வேணும், விக்கிறவனுக்கு, தீவனம் அரைக்கிறவனுக்கு, மாடு வச்சிருக்கிறவைக்கு, எல்லாருக்கும். அது வரும்வரைக்கும் உங்களிட்டைத்தான் சொல்ல ஏலும்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இன்றைக்கும் நெஞ்சில் எரிவது அந்தக் கடைசி வாக்கியம். அதட்டுவதற்கு எளிதான ஆளாகப் பார்த்துச் சட்டம் போட்டிருந்தார்கள். கோழிப்பண்ணை வாசலில் இரும்புக் கதவும் காவலாளியும் உண்டு. அக்கா வீட்டு வாசலில் ஒரு சாக்குத் திரைதான் தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு யாரும் உள்ளே வரலாம், வந்து அரசாங்கத்தின் பேரில் ஒரு பசுவைக் காப்பாற்றாமல் போகலாம்.

கொஞ்சம் கேட்கலாம் என்ற ஊசியை அவர் போட்டார். அது கேட்கவில்லை. மாட்டு வியாபாரி வந்து எட்டிப் பார்த்தான். மருந்து உடம்பில் இருக்கிறது, இறைச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் அக்கா கொடுத்திருக்க மாட்டார். வியாபாரியை அவர் விரட்டிய விரட்டில் அவன் செருப்பு ஒன்று எங்கள் சாணிக்குழியில் தங்கிவிட்டது. மறுநாள் பசு செத்தது. வேலிக்கு மேலே டியூப் கொடுத்தவர்களே மண்வெட்டியோடு வந்தார்கள். ஈர மண். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லப்பட வேண்டியவர்கள் அங்கே இல்லை.

சில வாரம் கழித்து இன்னொரு மாட்டின் மடி வீங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. அக்கா ஜீப் வரும் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போய் வாங்கிட்டு வா. அட்டையில போட்ட மாதிரியே முழுசா போடுவோம்."

தீவனக் கடைச் சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. டாக்டர் சொல்லாமல் மருந்து வாங்காதீர்கள். அதற்கு நேர் கீழே கண்ணாடிப் பெட்டியில் டியூப்கள்.

"டாக்டர் சீட்டு வேணுமா, தவுக்கே?" என்று கடை முதலாளியான சீனரிடம் கேட்டேன்.

"உன்கிட்ட இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஏன் கேக்குறே? எத்தன வேணும், சொல்லுலா."

வாசலில் லாரியிலிருந்து கோழித் தீவனம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் அந்த மருந்தின் பெயர் பெருமையாக அச்சிட்டிருந்தது. அதன் மேல் எந்த அறிவிப்பும் இல்லை. இறக்குகிற ஆளின் தோளெல்லாம் மஞ்சள் பொடி. எனக்கும் முன்பு அப்படித்தான் இருக்கும்.

அக்கா டியூபை முழுதாக அழுத்தினார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கறந்த பாலைக் கால்வாயில் ஊற்றினார். மறுநாளும் அப்படியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடியைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வர இன்னும் நாள் இருந்தது.